தடவிப் பார்க்கும் கையும் மறக்காத கேமராவும்

விமான நிலையங்களில் பெண் பயணிகளைச் சோதிக்கும் பணியில் 22 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

என் அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. போன மாதம் விமான நிலையத்தில் கருவி சத்தமிட்டதும், வரிசையில் நின்றவர்கள் பார்க்கும்படியே புடவையை முழங்கால் வரை தூக்கிக் காட்டச் சொன்னார்கள். பயணம் முடியும்வரை அம்மா யாரோடும் பேசவில்லை. இதற்கு விதியில் இடம் இருக்கிறதா?
– வாசகி, காரைக்குடி

இல்லை. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். அதையும் திரை போட்ட தடுப்புக்குள்தான் செய்ய வேண்டும். ஆடையை விலக்கிப் பார்க்கும் அவசியம் வந்தால் தனி அறைக்கு அழைத்துப் போக வேண்டும். உங்கள் அம்மாவுக்கு நடந்ததைப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். அவசரத்தில் ஒருவர் செய்த தவறு அது. அவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்க முடியாது. ஆனால் அதே தவறை நானும் செய்தவள் என்பதால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் கருவியைப் பற்றி. மூட்டுக்குள் இருக்கும் உலோகத்துக்கும் மடியில் இருக்கும் உலோகத்துக்கும் மெட்டல் டிடெக்டருக்கு வித்தியாசம் தெரியாது. இங்கே உலோகம் இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். மிச்சத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது அதைப் பிடித்திருக்கும் பெண். நம் பெண்களைச் சோதிப்பது எளிதல்ல. தாலிக் கொடியில் நான்கைந்து ஊக்குகள் கோத்திருக்கும். கொண்டைக்குள் ஊசிகள், அதற்கு மேல் பூ. காலில் மெட்டியும் கொலுசும். கருவி கீச்சிடும் ஒவ்வோர் இடத்திலும் கை ஒரு கணம் நின்றாக வேண்டும். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். ஒரு நாளில் ஆயிரம் பேரைத் தொட்ட கைக்கு, தொடப்படுபவருக்கு இது இன்றைய ஒரே தொடுதல் என்பது மறந்துபோகும்.

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. கிராமத்துப் பாட்டி ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்க முதல் முறையாக விமானம் ஏறுகிறார். இடுப்பருகே கருவி சத்தமிட்டது. புடவை மடிப்புக்குள் சுருக்குப் பை. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையை விட்டு வெளியே எடுத்து, கயிற்றைப் பிரித்துக் கவிழ்த்தேன். ஒரு பித்தளைச் சாவி, வெற்றிலைக் காம்பு, நான்காக மடித்த ஒரு பழைய இரண்டு ரூபாய்த் தாள், விபூதிப் பொட்டலம். பொட்டலம் பிரிந்து மேடை மேல் கொட்டிவிட்டது. பாட்டி குனிந்து விரலால் விபூதியைக் கூட்டி அள்ளிக்கொண்டே சொன்னார்: "கேட்டிருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே, மகளே."

அன்றிலிருந்து நான் தொடுவதற்கு முன்பு கேட்டேன். "அம்மா, இடுப்பில் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்க மூன்று விநாடி ஆகும். அந்த மூன்று விநாடியால் எந்த விமானமும் தாமதமானதில்லை.

2021 அக்டோபரில் நடிகையும் நடனக் கலைஞருமான சுதா சந்திரன் ஒரு காணொளி வெளியிட்டார், நினைவிருக்கலாம். 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த விபத்தில் காலை இழந்து, செயற்கைக் காலோடு மேடையேறியவர். விமான நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று பிரதமரிடம் முறையிட்டார். விமான நிலையங்களில் சோதனை செய்யும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தது. செயற்கை உறுப்பைக் கழற்றாமலே சோதிக்க வழி இருக்கிறது. சிறு துணித்துண்டால் மேலே துடைத்து எடுத்து, வெடிபொருள் துகள் இருக்கிறதா என்று கருவியில் வைத்துப் பார்க்கலாம். கருவி கையருகில் இருந்தும் கழற்றச் சொல்வது அலுப்பினால்தான்.

அடுத்த முறை அம்மாவின் அறுவைச் சிகிச்சைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது சோதனையிலிருந்து விலக்குத் தராது. ஆனால் கருவி சத்தமிடும் முன்பே நீட்டினால் பேச்சு வேறு மாதிரி தொடங்கும். "தனி அறையில் பாருங்கள், நானும் உடன் இருக்கிறேன்" என்று கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

உடல் ஸ்கேனர் வந்தால் இந்தத் தொடுதலே தேவைப்படாதே? ஆனால் அதில் உடம்பு நிர்வாணமாகத் தெரியும் என்கிறார்களே!
– வாசகி, நாகர்கோவில்

ஒரு காலத்தில் தெரிந்தது. 2009 கிறிஸ்துமஸ் அன்று உள்ளாடையில் வெடிபொருளை மறைத்து அமெரிக்கா நோக்கிப் பறந்த ஒருவன் பிடிபட்டான். அதன் பிறகு அங்கே ஸ்கேனர்கள் வேகமாகப் பெருகின. அவற்றில் ஒரு வகை, உடம்பின் வடிவத்தை அப்படியே திரையில் காட்டியது. மக்கள் கொதித்தார்கள், வழக்குகள் நடந்தன. பொதுவான ஒரு மனிதக் கோட்டுருவம் மட்டுமே தெரியும்படி மென்பொருளை மாற்ற வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் கெடு வைத்தது. மாற்ற முடியாத இயந்திரங்கள் 2013-க்குள் அகற்றப்பட்டன. இப்போது ஐயத்துக்குரிய இடத்தில் ஒரு சிறு கட்டம்தான் தெரியும். யாருடைய உடம்பு என்பது திரையில் இல்லை.

மக்கள் கோபப்பட்டதால் பாதுகாப்பு குறையவில்லை, இயந்திரம்தான் நல்லதாக மாறியது. அந்தக் கோபத்துக்கு நான் நன்றியுள்ளவள்.

இத்தனை சோதனைகளால் உண்மையில் ஏதாவது தடுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது எல்லாம் சடங்குதானா?
– வாசகர், தூத்துக்குடி

சடங்கு என்று என்னால் சொல்ல முடியாது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பு விமானத்துக்காகக் கொண்டுவரப்பட்ட பெட்டிகளில் குண்டு இருந்தது. பெட்டி இருந்தது, பெட்டிக்குரியவன் விமானம் ஏறவில்லை. அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரம் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். அங்கேயும் அதே கதை. வான்கூவரில் ஒருவன் பெட்டியை ஏற்றிவிட்டுத் தான் ஏறாமல் போனான்.

இந்த இரண்டையும் நான் புதிதாகச் சேரும் பெண்களுக்கு விடாமல் சொல்வேன். இரண்டிலும் எந்தப் பயணியின் உடம்பைத் தடவியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. தேவைப்பட்டது, பெட்டியையும் ஆளையும் பொருத்திப் பார்ப்பது. ஆள் ஏறவில்லையா, பெட்டியை இறக்கு. இன்று உங்கள் விமானம் ஒரு பயணிக்காகக் காத்திருந்து, பிறகு பெட்டியைத் தேடி இறக்கிவிட்டுப் புறப்படுகிறதே, அந்த எரிச்சலூட்டும் அரை மணி நேரம் இந்த உயிர்களின் விலை. இத்தனை வலுவான பாதுகாப்பு யாருடைய மானத்தையும் தொடுவதில்லை. ஆகவே பாதுகாப்பு வேண்டுமென்றால் அந்தரங்கத்தைக் கொடு என்று யாராவது பேரம் பேசினால் நான் உடனே ஒப்புக்கொள்வதில்லை.

உடல் சோதனையும் வேண்டும்தான். 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸின் ஐ.சி. 814 விமானத்தில் கடத்தல்காரர்கள் ஆயுதங்களோடு ஏறினார்கள். அமிர்தசரஸ், லாகூர், துபாய் என்று அலைந்து காந்தஹாரில் டிசம்பர் 31 வரை பயணிகள் தவித்தார்கள். ஒருவர் கொல்லப்பட்டார். காத்மாண்டுவில் ஒரு கை சரியாக வேலை செய்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. அதன் பிறகுதான், 2000-ல் ஜெய்ப்பூரில் தொடங்கி, நம் விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் பொறுப்புக்கு வந்தன.

விமான நிலைய வாசலில் ஒரு பணியாளர் என் போர்டிங் பாஸை வாங்கி, முகத்தைக் கேமராவில் காட்டச் சொன்னார். சோதனைக்கு என்று நினைத்தேன். பிறகுதான் அது டிஜி யாத்ரா பதிவு என்று தெரிந்தது. இது கட்டாயமா?
– கல்லூரி மாணவர், மதுரை

கட்டாயமில்லை தம்பி. முகத்தைக் கேமராவில் அடையாளம் கண்டு உள்ளே விடும் டிஜி யாத்ரா முறை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்தான். 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது. அடையாள அட்டையையும் டிக்கெட்டையும் காட்டி உள்ளே போகும் பழைய வாசல் எல்லா விமான நிலையத்திலும் இருக்கிறது. அதில் நிற்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. என்னவென்று சொல்லாமல் முகத்தைப் பதிவு செய்ததைச் சம்மதம் என்று ஏற்க முடியாது.

இதை நடத்துவது அரசுத் துறை அல்ல. டிஜி யாத்ரா பவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற கம்பெனி. அதில் இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதப் பங்கு, மிச்சம் பெரிய விமான நிலையங்களை நடத்தும் நிறுவனங்களுக்கு. விவரங்கள் பயணியின் கைபேசியிலேயே இருக்கும், விமான நிலையத்துக்குப் போகும் நகல் விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்தில் அழிக்கப்படும் என்கிறார்கள். அப்படியே நடந்தால் நல்லது. அழிந்ததா என்று நீங்களும் நானும் போய்ப் பார்க்க வழியில்லை என்பதுதான் என் கவலை.

என் வாழ்நாள் வேலை மற்றவர் உடம்பைத் தொடுவது. அதனால் இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். என் கை ஒரு பெண்ணின் தோளிலிருந்து கணுக்கால் வரை போய் வர அரை நிமிடம். அந்த அரை நிமிடம் அவருக்குக் கூச்சம், எனக்கும் கூச்சம். ஆனால் அவர் திரையை விலக்கி வெளியே போனதும் அது முடிந்துவிட்டது. அவர் யார், எங்கே போகிறார், யாரோடு வந்தார் என்று என் கை எழுதி வைப்பதில்லை. அடுத்தவர் மேடையேறும்போது முந்தியவரின் முகம்கூட எனக்கு நினைவிருக்காது. கேமரா தொடுவதே இல்லை, ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் அது மறப்பதில்லை. கடவுச்சொல் திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை எங்கே போய் மாற்றுவீர்கள்? கூச்சம் தராததால் பாதகமில்லை என்று நம் மக்கள் நம்பிவிடுகிறார்கள். எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அந்த நம்பிக்கைதான்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி, ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. அரசு அந்த உரிமையில் கை வைக்க வேண்டுமென்றால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சிப் போகக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. ஆனால் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள அதிலேயே வாசல் வைத்திருக்கிறது.

தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது: எந்தச் செயலியில் உங்கள் பதிவு இருக்கிறது என்று பாருங்கள். வேண்டாமென்றால் நீக்கச் சொல்லி எழுதுங்கள், எழுதியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் பத்து நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும். நான் நிற்கிறேன்.

பாதுகாப்புச் சோதனை அதிகாரி என் கைபேசியைத் திறந்து காட்டச் சொன்னால் நான் காட்ட வேண்டுமா? என் அண்ணன் லண்டனில் இருக்கிறார். அங்கே மறுக்கவே முடியாது என்கிறார்.
– வாசகர், திருச்சி

விமான நிலையத்தில் மூன்று வகை அதிகாரிகள் உங்களை எதிர்கொள்கிறார்கள். மக்கள் மூவரையும் ஒருவராக நினைத்துவிடுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

பாதுகாப்புச் சோதனை செய்பவருக்கு ஒரே வேலை: விமானத்துக்கு ஆபத்தான பொருள் ஏறக் கூடாது. அது கைபேசிதானா என்று உறுதிப்படுத்த இயக்கிக் காட்டச் சொல்லலாம். உங்கள் வாட்ஸ்அப்பில் அவருக்கு வேலை இல்லை.

குடியேற்ற அதிகாரி கடவுச்சீட்டையும், உங்கள் பெயரில் தேடுதல் சுற்றறிக்கை, அதாவது லுக் அவுட் நோட்டீஸ், இருக்கிறதா என்பதையும் பார்க்கிறார். அந்தச் சுற்றறிக்கையும் சட்டத்துக்கு உட்பட்டதுதான். 2015 ஜனவரியில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் பிரியா பிள்ளை, அப்படி ஒரு சுற்றறிக்கையால் லண்டன் செல்லவிடாமல் டெல்லியில் தடுக்கப்பட்டார். இரண்டே மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சுங்க அதிகாரி பொருளையும் வரியையும் பார்க்கிறார். அவர் உங்கள் உடம்பைச் சோதிக்க முனைந்தால், முதலில் அரசிதழ் பதிவு பெற்ற சுங்க அதிகாரி முன்போ நீதித்துறை நடுவர் முன்போ தன்னைக் கொண்டு போகும்படி நீங்கள் கேட்கலாம். சுங்கச் சட்டத்தின் 102-வது பிரிவு அதைத் தருகிறது. பெண்ணைப் பெண் மட்டுமே சோதிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் இலங்கையிலிருந்து வந்த புதுமணப் பெண்ணிடம் 11 சவரன் தாலிக் கொடியைப் பறிமுதல் செய்த வழக்கு தெரியுமா? அதைத் திருப்பிக் கொடுக்கும்படி 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. சோதனை செய்யும்போது நம் மண்ணின் வழக்கத்துக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதிகாரிகளைக் கண்டித்தது. எத்தனையோ தாலிக் கொடிகளுக்கு மேல் கருவியைக் கொண்டுபோனவள் நான். எனக்கு அந்தத் தீர்ப்பைப் படித்தபோது கண் கலங்கியது.

கடவுச்சொல்லைச் சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நம் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. உங்கள் அண்ணன் சொல்வது சரி. பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் 7-வது அட்டவணைப்படி, சந்தேகத்துக்கான காரணமே இல்லாமல் ஒரு பயணியை 6 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். கடவுச்சொல்லைத் தர மறுப்பது குற்றம். அப்படி ஒரு சட்டம் இங்கே வர வேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால், தயவுசெய்து கை தட்டாதீர்கள்.

என் பெயரைப் படித்ததும் சோதனை நீண்டுவிடுகிறது. என் மனைவி பர்தா அணிபவர். நாங்கள் என்ன செய்ய முடியும்?
– வாசகர், கீழக்கரை

உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தீவில் பிறந்தவரைப் பற்றிச் சொல்கிறேன். 2009 ஏப்ரலில் அப்துல் கலாம் டெல்லியிலிருந்து அமெரிக்கா கிளம்பினார். முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனாலும் அவர் ஏறவிருந்த அமெரிக்க விமான கம்பெனியின் ஊழியர்கள் அவரைச் சோதித்தார்கள். அவர் ஒரு சொல் சொல்லவில்லை. விஷயம் மூன்று மாதம் கழித்து வெளியே வந்தது, கம்பெனி மன்னிப்புக் கேட்டது. 2011-ல் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு வந்து அவருடைய மேல்கோட்டையும் காலணியையும் வாங்கிப் போனார்கள்.

அவருடைய பொறுமையை எல்லாரும் புகழ்ந்தார்கள். நானும் வணங்குகிறேன். ஆனால் பொறுமையைப் பயணியின் கடமையாக்கிவிடக் கூடாது. எல்லாரையும் ஒரே மாதிரி சோதிப்பது எனக்குச் சம்மதம். விலக்குப் பட்டியல் இன்னும் சுருங்க வேண்டும் என்பதே என் எண்ணம். பெயரைப் பார்த்து நீட்டுவது தவறு, அதனால் பாதுகாப்பும் கெடுகிறது. ஒரு பெயர் மீது கண் குத்தி நிற்கும் காவலர், அடுத்த டிரேயில் போகும் பையைத் தவறவிடுவார். அப்படித் தவறவிட்டதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன்.

உங்கள் மனைவி முகத்திரையை விலக்க வேண்டி வந்தால், தடுப்புக்குள், பெண் காவலரிடம் மட்டும் விலக்குவதாகச் சொல்லலாம். நான் பணியில் இருந்தவரை இதை யாரும் மறுத்ததில்லை.

இருமுடித் தேங்காயை ஏன் தடுக்கிறார்கள்?
– வாசகர், தேனி

கைப்பையில் தேங்காய்க்கு அனுமதி இல்லை என்பது விதி. ஆனால் பக்தர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், சபரிமலைப் பருவத்துக்காக 2024 அக்டோபரில் விமானப் பாதுகாப்புப் பணியகம் தளர்த்தியது. ஸ்கேன் செய்து, துகள் சோதனை முடித்து, இருமுடியைக் கையோடு எடுத்துச் செல்லலாம் என்றது. ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அவமதிப்பு நடந்தால் யாரிடம் போவது?
– வாசகி, கோவை

அந்த இடத்திலேயே ஷிப்டு பொறுப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், நகரவும் வேண்டாம். காவலரின் சட்டையில் பெயர்ப் பட்டை இருக்கும், படித்துக்கொள்ளுங்கள். நேரம், எந்த வரிசை, எந்தத் தடுப்பு என்று போர்டிங் பாஸின் பின்புறமே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் விவரம் மறந்துவிடும். சிசிடிவி பதிவும் காலத்துக்கும் இருக்காது. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் அன்றே புகார் பதியுங்கள், எண் தருவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்கு விலக்கு உண்டு. ஆனால் ஊழலுக்கும் மனித உரிமை மீறலுக்கும் அந்த விலக்கு செல்லாது. எனவே மனுவில் "மனித உரிமை மீறல்" என்ற சொற்களை முதல் வரியிலேயே எழுதுங்கள்.